துரைவண்டிக்குப் போர்த்திய பாய்

பட்டினப்பாக்கத்துக்கு நான் முதன்முதலாகப் போனது மீன் வாங்க அல்ல, துரு பார்க்க. எழுபத்துமூன்றாம் வருஷம், ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். தேனாம்பேட்டையில் மோட்டார் உதிரி சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் அப்போது எனக்கு வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், சைவப் பிள்ளை வீடு, வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. கடைக்குப் பின்னால் சந்தில் டிங்கர் மண்ணாங்கட்டியின் கொட்டகை இருந்தது. நசுங்கின மட்கார்டை நிமிர்த்துவது, ஓட்டை விழுந்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது அவர் தொழில். அவருக்கு மூத்தது மூன்றும் பிறந்து பிறந்து செத்துப்போனதால், எமன் இதையாவது திரும்பிப் பார்க்காமல் இருக்கட்டும் என்று அந்தப் பெயர் வைத்தார்களாம். எமன் பார்க்கவில்லை. ஆனால் மெட்ராஸில் மாட்டுவண்டியில் மோதிய கார்க்காரர்கள் அத்தனை பேரும் அவரைத்தான் வந்து பார்த்தார்கள்.

"இன்னா திர்நவேலி, குப்பத்து வரிக்கும் வர்றியா?" என்றார் அன்று மத்தியானம். "மிக்கேல்னு ஒரு ட்ரைவரு. பயைய ஆஸ்டின் காரு ஒண்ணு வச்சிகினு கீறாராம். ரிப்பேரு பண்ணலாமா, தூக்கிப் போட்டுறலாமான்னு பாத்துச் சொல்லணும். சாமான் இன்னா இன்னா வோணும்னு நீ எய்திக்கோ."

முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மண்ணாங்கட்டி சைக்கிள் மிதிக்க, கேரியரில் நான், என் மடியில் அவருடைய சுத்தியல் பை. லஸ்ஸில் ஒரு டீ. சாந்தோம் வந்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மழைக்கு முந்தின புழுக்கம், கடல்காற்று வீசியும் அடங்கவில்லை. குப்பத்துக்கு முன்னால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த மாடி வீடுகள் வரிசையாக நின்றன. குடிசை மாற்று வாரியம் கட்டிக்கொடுத்தவை. சில ஜன்னல்களில் அதற்குள் வலை தொங்கியது. குடிசைகளில் பாதி பிரிக்கப்பட்டு, அடுப்புக் கல் மட்டும் கரியோடு மணலில் கிடந்தது.

மிக்கேலின் குடிசை கடைசியில் ஒரு பூவரச மரத்தடியில் இருந்தது. அவர் மனைவி ஜெசிந்தா அப்போதுதான் ராயப்பேட்டைத் தெருக்களில் மீன் விற்றுத் திரும்பி, கூடையைக் கவிழ்த்துப்போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். தெருமுனையில் நின்று கூவினால் மூன்றாவது மாடிக்குக் கேட்கிற குரல்.

"வா மேஸ்திரி. மொதல்ல சோறு துண்ணு. அப்பால வண்டிய பாரு. பசியோட பாத்தா அல்லாமே ஓட்டையாத்தான் தெரியும்."

மண்ணாங்கட்டி மறுபேச்சில்லாமல் குந்திவிட்டார். அலுமினியத் தட்டில் சோறு, மேலே நெத்திலிக் குழம்பு. மாங்காய் போட்டுக் கொதித்த அந்த வாசனை என் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கும் தட்டை நீட்டினாள்.

"நான் சைவம்மா," என்றேன், மூச்சைப் பிடித்தபடி.

"மெய்யாலுமா? இம்மாம் நேரம் மூக்காலயே பாதிக் கொயம்ப துண்ணுட்டியே, கண்ணு!" என்று சிரித்தாள். பிறகு பக்கத்துக் கடையிலிருந்து எனக்கு பன்னும் டீயும் வந்தது.

சாப்பிட்டபடியே மண்ணாங்கட்டி கதை கேட்டார், அவள் சொன்னாள். அடையாற்றங்கரை பங்களா ஒன்றில் இருந்த வெள்ளைக்காரத் துரைக்கு மிக்கேல் பதினாலு வருஷம் கார் ஓட்டினாராம். ஐம்பத்திரண்டில் துரை சீமைக்குப் போகிறபோது, "நீயே வச்சுக்கோ, மிக்கேல்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். அன்றிலிருந்து அது குப்பத்துக்கே துரைவண்டி ஆகிவிட்டது.

"இந்தக் குப்பத்துல கோயிலுக்கு நடந்து போன கல்யாணப் பொண்ணு ஒண்ணு காட்டு பாப்போம். அல்லாம் துரைவண்டிதான். பிரசவத்துக்கும் அதுதான். ஆஸ்பத்திரி வாசல் வரிக்கும் தாங்காம, பின்சீட்டுலயே பொறந்தது மட்டும் பதினோரு புள்ள. எங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல. ஆனா ஒவ்வொண்ணும் பொறக்கறப்ப நான் கூட குந்தியிருக்கேன், மேஸ்திரி. தொப்புள்கொடி அறுக்கறவரிக்கும் இவரு திரும்பிப் பாக்க மாட்டாரு. ஆரன மட்டும் அட்ச்சிகினே இருப்பாரு."

அறுபத்துநாலில் கியர் பெட்டியில் பல் உடைந்தது. சாமான் கிடைக்கவில்லை. வண்டி அப்படியே கீற்றுக் கொட்டகைக்குள் நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மிக்கேலுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது வாரியத்தில் இரண்டாவது மாடியில் வீடு கொடுத்துவிட்டார்கள். மழைக்கு முன்னால் குடிசையைக் காலி செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தவர்கள் போயாகிவிட்டது. மிக்கேல் மட்டும் மாட்டேன் என்கிறார்.

"ரெண்டு மாசமா ஒரே பேச்சு. 'வரல'. ஏன்யா வரலன்னு கேட்டா, 'வண்டி' இன்றாரு. தூக்கிகினு போனா கொயந்தை மாரி அயுவுறாரு. வண்டிய இப்டியே உட்டுட்டு எங்கயும் வரமாட்டாரு, மேஸ்திரி. அதான் ஒன்ன கூப்புட்டேன். நீ அத்த ஓட வச்சிக் குடு. அதுல குந்த வச்சி மாடி வூட்டு வாசல்ல கொண்டாந்து எறக்குனேன்னா, எய்ந்து நடந்தாலும் நடப்பாரு. மாட்டேன்னு மட்டும் சொல்லிறாத."

குடிசைக்குள் எட்டிப்பார்த்தேன். கயிற்றுக் கட்டிலை வாசலைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். அங்கே படுத்தால் நேர் எதிரே கொட்டகை தெரியும். மிக்கேல் மெலிந்து, நரைத்து, ஆனால் முகம் மழுங்கச் சிரைத்து, வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக் கிடந்தார். துரைவீட்டுப் பழக்கம். எங்களைக் கண்டதும் இடது கை மேலே போய் ஆடியது.

"வாணா," என்றார். வாய் ஒரு பக்கம் கோணியதில் அந்த ஒரு சொல்லே பாடுபட்டுத்தான் வந்தது. "வாணா... வாணா..."

"ஒங்களுக்கு எதுக்குச் செரமம்னு சொல்றாரு," என்றாள் ஜெசிந்தா. "நீ வா."

கொட்டகையில் வண்டி தெரியவில்லை. கருஞ்சிவப்புத் துணி ஒன்று அதைத் தலையோடு கால் போர்த்தியிருந்தது. கட்டுமரத்தில் காற்றுக்கு விரித்துக் கட்டுகிற பாய். மரப்பட்டைச் சாயம் ஏறித் தோல் மாதிரி தடித்திருந்தது. ஓரத்தில் எட்டுக் கயிறுகள். ஒவ்வொன்றையும் அவள் பார்த்துப் பார்த்து அவிழ்த்தாள், தூங்குகிற பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதுபோல. பாயைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு விலகி நின்றாள்.

வண்டியின் நிறம் வேப்பிலைப் பச்சை என்று சொன்னாள். அந்தப் பச்சை கதவுகளின் கீழ்ப்பாதியில்தான் மிச்சம் இருந்தது. மேலே எல்லாம் துரு. பானட் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. கூரையில் ஒரு விரலை வைத்தேன். விரல் உள்ளே போய்விட்டது. சட்டென்று எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டேன், நான்தான் உடைத்தேன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்.

மண்ணாங்கட்டி சின்னச் சுத்தியலை எடுத்தார். அவர் துருவைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் பார்ப்பார். தகட்டில் உயிர் இருந்தால் 'டங்' என்னும். செத்திருந்தால் 'பொத்'. கூரையில் தட்டினார், பொத். கதவின் மேல்விளிம்பு, பொத். கண்ணாடியைத் தாங்குகிற தூண்கள் நான்கும் பொத், பொத். ஜெசிந்தா ஒவ்வொரு தட்டுக்கும் அவர் முகத்தையே பார்த்தாள். டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. நான் நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது.

பிறகு அவர் கோணியை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தார். அடியிலிருந்து 'டங்' என்று கேட்டது. மறுபடி 'டங்'. கோயில் மணி கெட்டது போங்கள். எண்ணெய்ப் பிசுக்கு அப்பிய முகத்தோடு வெளியே வந்து, விரலை மோந்து பார்த்தார்.

"சுறா எண்ணெ. யாரு போட்டது?"

"அவருதான். படுக்கறதுக்கு முந்தி வரிக்கும் வருசா வருசம் அடியில பூந்து தடவுவாரு."

"இது நாயமே இல்லியே," என்று மண்ணாங்கட்டி தலையைச் சொறிந்தார். "கடலாண்ட நிக்கிற வண்டி அடிலதான் போவும், யக்கா. இது மேலருந்து எறங்கி வந்துகீது. அடிக்கு எண்ணெ போட்ட மன்சன், மேல ஏன் போடல?"

"மேலதான் பாயி கீதே! எண்ணெ பட்டா கறையாயிடுமே. இது எங்க நைனா பாயி, மேஸ்திரி. சவரிமுத்துன்னா இந்தக் கரைல தெரியாதவங்க கெடியாது. அறுபத்துநாலு கார்த்திகைல கட்டுமரம் திரும்பி வந்துது, பாயி வந்துது, நைனா வரல. அந்த வாரமே இத்த வண்டிக்குப் போத்துனேன். கடல் காத்து இன்னா பண்ணும்னு எங்களுக்குத் தெரியாதா? முப்பது வருசம் காத்த தாங்குன பாயி. இத வுட ஒஸ்தியா போத்த எங்கூட்ல இன்னா கீது?" பெருமையில் அவள் குரல் ஏறியது. "ஒரு நாளு தவறுனதில்ல. தெனம் சாயங்காலம் அவுத்து ஒதறி, திரும்பக் கட்டுவேன். கடல்ல போனவரு பாய நல்ல தண்ணில தோய்க்கக் கூடாது, அது எங்க வயக்கம். அதனால வருசத்துக்கு ஒரு தபா, நைனா போன நாளன்னிக்கி, கடல்லயே முக்கி எட்த்தாந்து, ஈரத்தோட போத்தி..."

இந்த வாயை நான் என்ன செய்ய? இன்றைக்கும் நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

"உப்புத் துணியையா? அதுதானே அண்ணாச்சி அரிச்சிருக்கு! ஒன்பது வருஷமா ஊறுகாய் போட்ட மாதிரில்லா ஆயிருக்கு!"

மண்ணாங்கட்டி என் காலை மிதித்தார். "யக்கா, இவன் கெடக்குறான், ஊருக்குப் புச்சி. மயத்தண்ணி எறங்கிருக்கும்..."

ஜெசிந்தா பாயின் ஒரு மூலையைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கருவாடு போடறவ நானு," என்றாள் மெதுவாக. "உப்பு கத்திய இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதா? மாசத்துக்கு ஒரு கத்தி மாத்துறேன். எனக்கு எங்க போச்சி புத்தி?"

பாயை மணலில் வீசினாள். வீசினது போதாமல் குனிந்து எடுத்து மறுபடி ஓங்கி அடித்தாள். பிறகு விறுவிறுவென்று குடிசைக்குள் போனாள். நாங்கள் வாசலில் நின்றோம். போகவும் தோன்றவில்லை, நிற்கவும் கூச்சம்.

"யோவ். ஒன் வண்டிய நான்தான்யா கொன்னுட்டேன். நைனா பாயி துண்ணுட்ச்சி. நான் போத்திப் போத்தியே தின்ன குட்த்துட்டேன்."

மிக்கேல் அவளையே பார்த்தார். கோணின வாயில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"தெரியும்," என்றார்.

"இன்னா தெரியும்?"

"மொத வருசமே... தெரியும்."

"தெரிஞ்சுமா வாய மூடிகினு கெடந்த? துரைவண்டியா! கைய வச்சா கைய தட்டி உடுவியே, யாரனா சாஞ்சா சண்டைக்குப் போவியே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா எட்த்துருப்பேன்ல?"

அவர் சொன்னதைக் கேட்டு முடிக்க வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு சொல்லையும் மணலில் புதைந்த கட்டை மாதிரி இழுத்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

"சாயங்காலம்... பாயி கட்றப்ப... ஒங்கப்பன்கூட பேசுவ. மீனு வித்தது... சண்ட போட்டது... வவுத்து வலி... அல்லாம். கயிறு எட்டும் கட்டி முடிக்கிறவரிக்கும்... பேசுவ. அப்பால வந்து... சிரிச்சிகினு சோறு போடுவ." மூச்சு வாங்கினார். "நான் கேட்டுகினு இருப்பேன். பாய எடுன்னு... எப்டி சொல்லுவேன்? வண்டியா... வண்டி போவுது."

"அப்ப இந்த ரெண்டு மாசமா வரல, வரலன்னது?"

"வண்டிய நகத்தினா... பாய எடுக்கணும். எடுத்தா... பாக்கறவன் சொல்லிடுவான்... ஒனக்குத் தெரிஞ்சிடும். அயுவ."

மண்ணாங்கட்டி இன்னும் 'வாணா' என்று ஆடின அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா மிக்கேலின் நல்ல தோளில் படபடவென்று நாலு அடி அடித்தாள். அடித்துவிட்டு அதே தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் முப்பது வருஷமாக உப்பு போதவில்லை, உறைப்பு போதவில்லை என்பதைத் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை. ஒரு மனிதன் தன் உயிரான வண்டி கண்ணெதிரே அழுகுவதைப் பார்த்துக்கொண்டு ஒன்பது வருஷம் சும்மா இருக்க முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சொல்லு மேஸ்திரி. ஒன்ன எதுக்குக் கூப்ட்டேனோ அத்த சொல்லு. ஆவுமா, ஆவாதா?"

மண்ணாங்கட்டி பீடி பற்றவைத்தார். தொழில் விஷயத்தில் அவர் பொய் சொன்னதில்லை. "ஆவும். அடிக்கட்டு கல்லு மாரி கீது. கூரை, பானட்டு, கதவு நாலு, தூணு அல்லாம் வெட்டிட்டு புச்சா அடிக்கணும். நாலு மாசம் புடிக்கும். பச்ச பெயின்ட்டு அட்ச்சி ஓட உட்டா, ரோட்ல அல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"அது துரைவண்டியா இருக்குமா?"

அவர் புகையை விட்டார். "வண்டியா இருக்கும், யக்கா."

அவள் வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். கதவைத் திறந்தாள். கீல் கிறீச்சிட்டு, விளிம்பிலிருந்து துருப்பொடி கொட்டியது. உள்ளே பின்சீட்டில் கையை ஊன்றி அழுத்தினாள். கை மேலே வந்தது. மறுபடி அழுத்தினாள்.

"இது?"

மண்ணாங்கட்டி தலையை விட்டுப் பார்த்தார். தோல் அங்கங்கே வெடித்திருந்தது. ஒரு மூலையில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஆனால் ஸ்ப்ரிங் அத்தனையும் உயிரோடு இருந்தது. பாய் மழையை உள்ளே விடவில்லை. அந்த ஒரு வேலையை அது ஒழுங்காகத்தான் செய்திருந்தது.

"சீட்டு ராஜா மாரி கீது," என்றார்.

ஜெசிந்தா வாசலைப் பார்த்துக் கத்தினாள். "யோவ், சீட்டு மட்டும் போதுமா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "போதும்."

"அப்ப அத்த மட்டும் பேத்துக் குடு, மேஸ்திரி. மத்தத நான் பாத்துக்கறேன்." கண்ணில் மறுபடி நீர் கட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. "நாலு மாசம் அவரு இங்க மயைல கெடக்க வாணாம்."

நான் எழுதின இரண்டு பக்கச் சாமான் பட்டியலைக் கிழித்தேன். மறுநாள் கடையிலிருந்து நான் கொண்டுபோனது எட்டே எட்டு போல்ட்டுகள். அவற்றை வைத்து மண்ணாங்கட்டி பின்சீட்டுக்கு அடியில் இரண்டு நீளமான மூங்கில்களைப் பூட்டினார். பல்லக்கு மாதிரி ஆகிவிட்டது. வண்டி வெறும் கூடாகக் கொட்டகையில் நின்றது. அடுத்த வாரம் காயலான் கடைக்காரன் வந்து இழுத்துப்போனதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை, பார்க்காததே நல்லது.

மூங்கில் பூட்டின அன்றே, தூக்குவதற்கு அங்கமுத்து வந்தான், கட்டுமரத்துக்காரன், இருபது வயது. இன்னும் மூன்று பேரைக் கூட்டிவந்திருந்தான். நால்வரில் இரண்டு பேர் அந்தச் சீட்டிலேயே பிறந்தவர்கள் என்று ஜெசிந்தா சொன்னாள். அங்கமுத்து வெட்கப்பட்டான். மிக்கேலைக் கைத்தாங்கலாக எடுத்து உட்காரவைத்தார்கள். பதினாலு வருஷம் துரைக்கும், அப்புறம் குப்பத்துக்கும் வண்டி ஓட்டின மனிதர், பின்சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தானாம். இடது கையால் சட்டையை நீவி விட்டுக்கொண்டார்.

கட்டுமரத்தைத் தோளேற்றுகிற அதே ஒரு 'ஹேய்' சத்தத்தில் நாலு பேரும் தூக்கினார்கள். அரை பர்லாங்கு தூரம்தான். பாதி மணலைக் கடப்பதற்குள் வானம் இருண்டு, பொட்டுப் பொட்டாகத் தூறல் விழ ஆரம்பித்தது. முன்தினம் வீசின இடத்திலேயே பாய் கிடந்தது. ஜெசிந்தா அதைத் தாண்டி வந்தபோதும் பார்க்கவில்லை, முகத்தை அந்தப் பக்கமே திருப்பவில்லை. முந்தானையை அவிழ்த்துப் புருஷன் தலைக்கு மேல் பிடிக்கப் பார்த்தாள். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது.

"நிறுத்து," என்றார் மிக்கேல். நின்றார்கள். இடது கை பாயைக் காட்டியது. "அத்த... எடுத்தா."

"வாணாம்யா. அத்த நான் தொடவே மாட்டேன்."

"எடுத்தாந்து... போத்து. அது இரும்பத்தான் துண்ணும். என்ன... இன்னா பண்ணும்?"

மழையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். ஜெசிந்தா திரும்பி நடந்தாள். பாயை எடுத்து மணலை உதறினாள், ஒரு தரம், இரண்டு தரம். கொண்டுவந்து அவர் தலையிலிருந்து கால்வரை போர்த்தினாள். முகம் மட்டும் தெரிந்தது. கயிறுகளை ஒவ்வொன்றாக மூங்கிலில் கட்டினாள். நாலு கட்டி முடிக்கிறவரை வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது கயிற்றில் உதடு அசைந்தது. மிக்கேல் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார்.

படிக்கட்டு குறுகல். அங்கமுத்தும் இன்னொருவனும் முன்னால் குனிய, பின்னால் இரண்டு பேர் உயர்த்திப் பிடிக்க, துரைவண்டியின் பின்சீட்டு மாடியேறியது. கடைசியில் நானும் மண்ணாங்கட்டியும், எங்களுக்கு முன்னால் ஜெசிந்தா. ஒரு கையால் பாயின் ஓரத்தைப் பிடித்தபடி அவள் மெல்லப் பேசிக்கொண்டே ஏறினாள்.

"நைனா, மாடி வூட்டுக்குப் போறோம் நைனா. ஜன்னலத் தொறந்தா கடலு தெரியுமாம். படி ஈரமா கீது, பாத்து வா."